கயிறு பிடிக்க ஒரு கை

லங்காவியை ஒட்டிய ரெபாக் தீவின் மரினாவுக்குள் புதிதாக ஒரு பாய்மரப் படகு நுழைந்தால் அக்கம்பக்கத்துப் படகுகளில் ஒரு சின்னப் பரபரப்பு எழும். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வருவார். இஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தவர் எண்ணெய்க் கையோடு வருவார். மத்தியானத் தூக்கத்தில் இருந்தவர் சட்டைகூடப் போடாமல் ஓடி வருவார். வருகிற படகிலிருந்து எறியப்படும் கயிற்றை எட்டிப் பிடித்து, மிதவை மேடையில் இறுகக் கட்டி, படகு அசையாமல் நின்ற பிறகுதான் விசாரிப்பு தொடங்கும். அப்போதும் முதலில் கேட்பது படகின் பெயரைத்தான். ஆளின் பெயர் இரண்டாவது. எந்த ஊர், என்ன வேலை பார்த்தீர்கள் என்பதெல்லாம் சில மாதம் கழித்துத் தெரிந்தால் போதும்.

குவாலா கெடாவில் ஃபெரி ஏறும் நமக்கு லங்காவி என்றால் வரியில்லாச் சாக்லெட், கண்ணாடிச் சட்டி, கழுகுச் சிலைக்கு முன்னால் ஒரு படம். குவா படகுத்துறையில் இறங்கியதும் பக்கத்திலேயே வரிசையாக நிற்கும் பாய்மரக் கம்பங்களைப் பார்த்திருப்போம். பணக்காரர்கள் விளையாட்டு என்று நினைத்து டாக்சி தேடப் போயிருப்போம். அந்தக் கம்பங்களின் கீழே ஆட்கள் குடியிருக்கிறார்கள். துணி துவைத்துக் காயப்போடுகிறார்கள், சோறு ஆக்குகிறார்கள், சண்டை போடுகிறார்கள், சிலர் பத்தாண்டுக்கு மேலாக வேறு வீடே இல்லாமல் வாழ்கிறார்கள்.

குவாவில் ராயல் லங்காவி படகு மன்றம், மேற்குக் கரையில் தெலாகா துறைமுகம், தென்மேற்கில் ரெபாக் தீவு. கட்டணம் கட்டி நிற்க இந்த மூன்றும் முக்கியமான இடங்கள். கட்டணம் வேண்டாம் என்பவர்கள் குவாவுக்கு எதிரே கடலில் நங்கூரம் போட்டுக்கொள்வார்கள். கிலிம் பக்கத்துப் பாக்காவ் காட்டுக்குள் சுண்ணாம்புக் குன்றுகள் காற்றை மறைக்கும் ஓர் ஒதுக்கு இருக்கிறது; பெரிய காற்று வரும்போது சிலர் அங்கே போய் ஒளிந்துகொள்வார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, தென்னாப்பிரிக்கா என்று பல கொடிகள் பறக்கும். பெரும்பாலும் அறுபதை ஒட்டிய கணவன் மனைவியர். கோடீஸ்வரர்கள் குறைவு. வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ கிளம்பி, ஓய்வூதியத்தைக் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறவர்களே அதிகம்.

வீடு எப்படி இருக்கும்? பன்னிரண்டு மீட்டர் நீளம், நாலு மீட்டருக்கும் குறைந்த அகலம். ஒரு பக்கம் அடுப்படி. அலையில் படகு சாயும்போது அடுப்பு மட்டும் நேராக நிற்கும்படி ஊஞ்சல் மாதிரி மாட்டியிருப்பார்கள். உட்காரும் இருக்கையைத் தூக்கினால் அடியில் அரிசி, டின் மீன், இஞ்சின் உதிரிப் பாகம் எல்லாம் சேர்ந்து கிடக்கும். எது எங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்காத வீட்டம்மா கிடையாது. முட்டையைக் குளிர்ப்பெட்டியில் வைக்காமல் மேலே வாஸ்லின் தடவி வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள். முட்டைக்கோசும் வெங்காயமும் வலைப்பையில் தொங்கும். நம் வீட்டு உப்புக் கருவாட்டையும் மோர் மிளகாயையும் எலுமிச்சை ஊறுகாயையும் இவர்களுக்கு யாரும் அறிமுகப்படுத்தவில்லையே என்று எனக்குத் தோன்றும். கடற்பயணத்துக்கு அதைவிட ஏற்ற சாமான் உண்டா?

தண்ணீர் தொட்டி அளவுதான். பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவி, கடைசியில் ஒரு கரண்டி நல்ல தண்ணீரில் அலசி எடுப்பார்கள். மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து வரும். இரண்டு நாள் வானம் மூடினால் மின்விசிறியா குளிர்ப்பெட்டியா என்று முடிவு செய்ய வேண்டும். கழிப்பறையில் கையால் பம்ப் அடிக்க வேண்டும். அது அடைத்துக்கொண்டால் அதைப் பிரித்துப் போடுவதுதான் அந்த நாளின் வேலை. படகின் அடியில் கொட்டலசும் பாசியும் ஒட்டும். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை படகைத் தரையில் ஏற்றி, சுரண்டி, விஷப் பெயிண்ட் அடிக்க வேண்டும். அந்த வாரங்களில் வீட்டுக்கு ஏற ஏணிதான் படி. நம் புழுக்கத்தில் தோல் செருப்பிலும் புத்தக அட்டையிலும் பூஞ்சை பூக்கும். சுருக்கமாகச் சொன்னால், அழகான இடங்களில் நின்று ரிப்பேர் வேலை பார்ப்பதுதான் இவர்கள் பிழைப்பு. படங்களில் காட்டும் சூரிய அஸ்தமனமும் உண்டு. ஆனால் அது நாளைக்கு ஒரு பதினைந்து நிமிடம்.

மே முதல் அக்டோபர் வரை விடியற்காலையில் மலாக்கா நீரிணையைக் கடந்து திடீரென்று வரும் புயல்காற்றை நாட்டில் எல்லாரும் 'சுமத்ரா' என்றே சொல்கிறோம். ஒரு மணி நேரம்கூட நிற்காது. அதற்குள் நங்கூரங்களை இழுத்துவிடும். அதைவிடப் பெரிய பயம் இடி. திறந்த நீரில் உயரமான உலோகக் கம்பத்தோடு நிற்கும் படகில் மின்னல் இறங்கினால் ரேடியோ, வழிகாட்டிக் கருவி, பேட்டரி எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். அதனால் வானம் கறுத்தால் கைபேசியையும் கையடக்க ரேடியோவையும் அடுப்பின் ஓவனுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். சுற்றிலும் தகரம் இருப்பதால் உள்ளே இருப்பது பிழைக்கும் என்ற நம்பிக்கை. ஓவன் சூடாக இருக்கிறதா என்று முதலில் தொட்டுப் பார்ப்பது நல்லது.

நட்பு முளைப்பது இந்தக் காற்றிலும் இடியிலும்தான். நங்கூரம் போட்ட இடத்தில் காற்று அடிக்கும்போது படகுக்காரர் குவாவில் சாமான் வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆளில்லாத படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டு பாறைப் பக்கம் நகர்ந்தால், அடுத்த படகுக்காரர் மழையில் டிங்கி என்ற சின்னப் படகை ஓட்டிப் போய் ஏறி, இஞ்சினைத் திருப்பி, சங்கிலியை விட்டு, அதை நிறுத்துவார். அடுத்தவர் படகில் அனுமதி கேட்காமல் கால் வைக்க உரிமையுள்ள நேரம் அது ஒன்றுதான். திரும்பி வந்தவர் நன்றி சொல்வார், ஒரு பெட்டி பீர் கொடுப்பார், விஷயம் முடிந்தது. அடுத்த மாதம் தன் முறை என்று இருவருக்கும் தெரியும்.

பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இந்த மரினாவைப் பார்க்கும்போதெல்லாம் லயத்து வீடுகள் நினைவுக்கு வரும். ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம், யார் வீட்டில் என்ன குழம்பு என்று எல்லாருக்கும் தெரியும், யார் வீட்டுச் சண்டை என்றும் தெரியும். பிரசவ வலி எடுத்தால் கதவைத் தட்ட வேண்டியதில்லை. சத்தம் கேட்டே பக்கத்து வீட்டு அக்கா வந்துவிடுவார். அங்கே யாரும் அதை நட்பு என்று பெயர் சொல்லி அழைத்ததில்லை. படகுத் தெருவிலும் அப்படித்தான். வெல்டிங் தெரிந்தவர், மின்சாரம் தெரிந்தவர், பாய் தைக்கும் மெஷின் வைத்திருப்பவர், ஒரு காலத்தில் நர்ஸாக இருந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. கூலி காசாக வருவது அபூர்வம். நீ என் பம்பைப் பார், நான் உன் பாயைத் தைத்துத் தருகிறேன். மாலையில் அவரவர் ஆக்கியதைக் கொண்டுவந்து சேர்ந்து உண்பார்கள். முடித்த புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துப் போவார்கள். கிழமை மறந்தாலும் பாசார் மாலாமை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். லங்காவியில் அது நாளுக்கு ஓர் ஊராக நகரும், புதனும் சனியும் குவாவில்.

லயத்தில் இருந்த கோளாறுகளும் இங்கே உண்டு. வி.எச்.எஃப். ரேடியோவில் இரண்டு பேர் பேசினால் அதே அலைவரிசையில் இருக்கும் எல்லாப் படகும் கேட்கும். காலையில் ரேடியோவில் கூடி வானிலை, யாருக்கு என்ன சாமான் தேவை, யார் கிளம்புகிறார், யார் வந்தார் என்று வரிசையாகச் சொல்வது இவர்கள் வழக்கம். அதன் பிறகு இருவர் வேறு அலைவரிசைக்கு மாறிப் பேசினால் மற்றவர்களும் நைசாக மாறிக் கேட்பது உலகம் முழுக்க நடக்கும் திருட்டுத்தனம். கடன் வாங்கிய துளைக்கருவி திரும்பி வராததால் பேச்சு நின்றவர்கள் இருக்கிறார்கள். வரியில்லாத் தீவில் மது மலிவு. பகல் பதினோரு மணிக்கே முதல் கேனைத் திறப்பவர்களும் உண்டு. பன்னிரண்டு மீட்டருக்குள் இருபத்து நாலு மணி நேரமும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் தம்பதியில் ஒருவருக்குக் கடல் வெறுத்துப்போனால் வெளியே நடந்துவிட்டு வரத் தெரு கிடையாது. ஒருவர் விமானத்தில் ஊருக்குப் போய்விட, மற்றவர் தனியே படகோடு நிற்பதை எல்லா மரினாவிலும் பார்க்கலாம்.

2023 ஜூலையில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் மலேசியாவுக்கு வந்தது. இப்போது நங்கூரம் போட்ட படகிலும் இரவில் அவரவர் திரை, அவரவர் படம். காலை ரேடியோவில் குரல்கள் குறைந்துவிட்டன என்று பழைய ஆட்கள் குறைப்படுகிறார்கள். தோட்டத்துக்குத் தொலைக்காட்சி வந்தபோது பெரியவர்களும் இதையே சொன்னார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது, கொஞ்சம் மிகையும் இருக்கிறது.

ஏன் லங்காவி? காற்றைக் கேட்டால் சொல்லும். வங்காள விரிகுடாவைக் கடந்து மேற்கே போக வேண்டிய பாய்மரத்துக்கு வடகிழக்குப் பருவக்காற்று வேண்டும். அது நிலைத்து வீசும் ஜனவரி, பிப்ரவரி வரை கெடாக் கரையில் காத்திருக்க வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் புறப்பட்ட சீனத் துறவி யீஜிங்கும் இங்கே கடாரத்தில் தங்கி, ஆண்டின் 12ஆம் மாதத்தில்தான் கப்பலேறினார். பத்து நாளுக்கு மேல் வடக்கே ஓடி நிக்கோபார்ப் பக்கம் வந்ததாக எழுதி வைத்திருக்கிறார். அதற்கும் முன்னால், ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில், புத்தகுப்தன் என்ற மாலுமித் தலைவன் தன் பயணம் நல்லபடி முடிய வேண்டிக் கல்லில் எழுதி வைத்தான். 1834இல் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கிலேயர் செபெராங் பிறையில் கண்டெடுத்த அந்தக் கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் ராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைத்தான் தேடுகிறார்கள். எனக்கென்னவோ அந்தப் படையைவிட, காற்றுக்காக இந்த மெர்போக் ஆற்று வாயில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்த மாலுமிகள்மேல்தான் ஆர்வம். பல ஊர்க்காரர்கள், பல மொழி, வேலை இல்லாத நாட்கள். யார் யாருக்குச் சமைத்துப் போட்டார்கள், யார் யாரிடம் கயிறு கடன் வாங்கினார்கள் என்று எந்தக் கல்வெட்டும் சொல்வதில்லை.

புதுக் காரணங்களும் சேர்ந்தன. 1987இல் லங்காவி வரியில்லாத் தீவானது. படகு உதிரிப் பாகம் வரவழைப்பது எளிதாயிற்று. பல நாட்டவருக்கு 90 நாள் தங்கல் அனுமதி வந்திறங்கியதும் கிடைக்கிறது. பிறகு சோமாலியக் கடற்கொள்ளை. 2011 பிப்ரவரியில் ஓமன் பக்கத்துக் கடலில் கடத்தப்பட்ட 'குவெஸ்ட்' படகில் இருந்த நான்கு அமெரிக்கர்களும் கொல்லப்பட்டார்கள். செங்கடல் வழியே ஐரோப்பா திரும்ப இருந்தவர்கள் பயந்து நின்றார்கள். சிலர் படகைச் சரக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். சிலர் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போனார்கள். சிலர் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று லங்காவியிலேயே தங்கிவிட்டார்கள். 2023 கடைசியில் ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது அதே கதை மறுபடி நடந்தது.

2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி என்றால் கெடாவில் பலரின் நினைவில் நிற்பது கோத்தா குவாலா மூடாதான். உடைந்த மீன்பிடிப் படகுகளையே அடுக்கி அங்கே நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். அதே நாளில் தெலாகாவிலும் ரெபாக்கிலும் மிதவை மேடைகள் பிய்ந்து, கட்டிய படகுகளோடு ஒன்றின்மேல் ஒன்று மோதின. குறுகிய வாயில் வழியே உள்ளே பாய்ந்து வெளியே இழுத்த நீரில் சில படகுகள் மூழ்கின. நடுக்கடலில் இருந்தவர்களுக்கு அலை வந்ததே தெரியவில்லை. கரைக்கருகே இருந்தவர்கள்தான் மாட்டினார்கள். கடலில் பிழைக்கத் தெரிந்தவர்கள் நிலத்தையே அதிகம் அஞ்சுவார்கள். அன்றைக்குப் பிறகு அது எனக்குப் புரிந்தது.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் படகுகள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. நாட்டின் எல்லை முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 ஆயிற்று. ஒரு பருவம் தங்க வந்தவர்கள் இரண்டு ஆண்டு தங்கினார்கள். ஊரில் தாய் இறந்த செய்தியை இங்கிருந்தே கேட்டவர்கள் உண்டு. அப்போது தோளில் கை வைக்க இருந்தவர்கள் பக்கத்துப் படகுக்காரர்கள் மட்டுமே.

தோட்டத்துக் கதையிலும் ஒரு கப்பல் இருக்கிறது. 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா' சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆட்களை ஏற்றிப் பினாங்குக்கு வந்தது. மேல்தட்டில் பாய் விரித்து, மூட்டையைத் தலைக்கு வைத்து, தெரியாத ஊர்க்காரனோடு தோளுரசிப் படுத்து வந்தார்கள் நம் தாத்தா பாட்டிகள். வாந்தி எடுத்தவர் தலையைப் பிடித்தவர், குழந்தைக்குத் தன் பங்குத் தண்ணீரைக் கொடுத்தவர் என்று அந்தத் தட்டில் பிறந்த உறவு, ஒருவர் கூலிமுக்கும் மற்றவர் சுங்கைப்பட்டாணிக்கும் பிரிந்த பிறகும் கல்யாண வீடுகளில் தொடர்ந்தது. 'உங்க தாத்தாவும் நானும் ஒரே கப்பல்' என்று சொல்லும் கிழவர்கள் என் சிறுவயதில் இருந்தார்கள். அப்படிச் சொன்னவருக்கு முதல் பந்தியில் இலை உண்டு. 1973இல் ரஜுலா ஓய்ந்தது. பிறகு வந்த எம்.வி. சிதம்பரத்தில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தப் பாதையும் மூடியது.

இரண்டையும் ஒன்று என்று சொல்லிவிட மாட்டேன். மரினாவில் நிற்பவர் பிடித்திருந்தால் இருப்பார், சலித்தால் விற்றுவிட்டுப் போவார். ரஜுலாவில் வந்தவருக்கு அந்த வசதி இல்லை. அதோடு, படகுத் தெருவின் நட்பு பெரும்பாலும் மரினா வாசலோடு நின்றுவிடுகிறது. லங்காவியிலும் சுங்கை ராயா தோட்டத்தின் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தீவில் வாழும் படகுக்காரர் பலருக்கு அது தெரியாது. ரொட்டிச்சானாய்க் கடை அண்ணனையும் துணி வெளுப்பவரையும் தெரியும், பெயர் சொல்லி அழைப்பார்கள், சிரிப்பார்கள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டவர்கள் சிலரே. தப்பு ஒரு பக்கம் மட்டும் இல்லை. நாமும் அவர்களை வாடிக்கையாளர்களாகத்தான் பார்க்கிறோம்.

நம் ஆட்களுக்குக் கடல் வாழ்க்கை அந்நியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அஸார் மன்சூர் 1999 பிப்ரவரி 2 அன்று லங்காவியிலிருந்து 'ஜாலூர் கெமிலாங்' படகில் தனியே கிளம்பி, வழியில் பாய்மரம் ஒடிந்து, அதைச் சரிசெய்து, 190 நாளில் உலகைச் சுற்றி ஆகஸ்ட் 11 அன்று லங்காவிக்கே திரும்பினார். இந்தியக் கடற்படையின் புதுச்சேரிப் பெண் ரூபாவும் கோழிக்கோட்டு தில்னாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் 'தாரிணி'யில் ஏறி, நான்கே துறைமுகங்களில் நின்று உலகைச் சுற்றி, 2025 மே 29 அன்று கோவாவுக்கே வந்து சேர்ந்தார்கள். ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருக்க வேண்டும் என்பதால், ஒரே படகில் எட்டு மாதம் இருந்தும் இருவரும் சேர்ந்து சாவகாசமாக உட்கார்ந்து பேசிய நேரம் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

ஜனவரி பிறந்ததும் லங்காவியில் பிரிவுப் பருவம். இலங்கைக்குச் சுமார் 1,200 கடல்மைல்; நல்ல காற்றில் எட்டு, பத்து நாள். கிளம்புகிறவர் மிச்ச பெயிண்டையும் செடித்தொட்டியையும் பக்கத்துப் படகுக்குக் கொடுப்பார். கட்டியணைப்பார்கள். மறுபடி பார்ப்போம் என்று சொல்வார்கள், பாதிப்பேர் பார்ப்பதில்லை. மீதிப்பேர் நாலு வருடம் கழித்து, வேறொரு கடலில், வேறொரு மேடையில் கயிறு எறியும்போது பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த முறை லங்காவிக்குப் போகும்போது, துறையில் பேச்சுக் கொடுத்து யாராவது உங்களைப் படகுக்குக் கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். சில வழக்கங்கள் உண்டு. அழைக்காமல் ஏறக் கூடாது. பக்கவாட்டில் தட்டிவிட்டு நிற்க வேண்டும். செருப்பை மேடையிலேயே கழற்றிவிடுங்கள், இது நமக்குப் புதிதில்லை. கழிப்பறைக்குள் காகிதம் போடாதீர்கள். பழம், பூ எல்லாம் வேண்டாம். குளிர்ப்பெட்டி எப்போதும் நிரம்பியே இருக்கும், ஐஸ் எப்போதும் பற்றாது. குவாவில் ஒரு மூட்டை ஐஸ் வாங்கிக்கொண்டு போங்கள். கையோடு ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயும்.